முப்பத்தோரு மைல் மிச்சம்

அக்டோபர் 9, 2016

டிரக்குக்கு டயர் மாற்றியாயிற்று. நான்கும் முப்பத்தைந்து அங்குலம். பழையவை முப்பத்தொன்றரைதான். லைலின் பட்டறையிலிருந்து ஓட்டி வரும்போது எதிரே வந்த கார்கள் எல்லாம் எனக்குக் கீழே எங்கோ போவதுபோல் இருந்தன. ஐம்பத்தேழு வயதில் இதற்கெல்லாம் சந்தோஷப்படலாமா? பட்டேன்.

என் மனைவி நோரீன் வாசலுக்கு வந்து பார்த்தாள். செப்டம்பரில் அவள் காரின் எஞ்சின் போனதிலிருந்து டிரக்கை வாரம் நான்கு நாள் ஓட்டுவது அவள்தான். வீடு வீடாகப் போகிற நர்ஸ். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே அறுபது மைல் வெறும் புதர்க்காடு. எனக்கு வண்டி தேவையில்லை. சாலைத்துறை ஷெட் நடக்கிற தூரம், அங்கே போனால் பனி தள்ளும் லாரி. ஆக, டிரக் என் பெயரில், ஓட்டம் அவள் பெயரில். கதவைத் திறந்து ஒரு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏணி எங்க?" என்றாள். சிரிக்கவில்லை.

லைல் வண்டியை இறக்கும்போது சொன்னதையும் எழுதி வைக்கிறேன். "டயர் பாதி வேலைதான்டா ஓரின். அச்சுல இருக்கற கியரையும் மாத்தணும். இல்லேன்னா மீதிப் பாதிய எஞ்சின் அழுதுகிட்டே செய்யும்." வசந்தத்தில் பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 17

கேலனுக்குப் பதினேழு மைல் தந்த வண்டி 13.3 தருகிறது. நோரீன் சாப்பிடும்போது அதைச் சொன்னாள், உப்பை எடு என்கிற குரலில். புது டயர், படியட்டும் என்றேன். டயர் படியுமா? நான் சொன்னதற்கு எனக்கே அர்த்தம் தெரியவில்லை.

அக்டோபர் 23

இன்று கண்டுபிடித்தேன். நெடுஞ்சாலையில் மைல் கம்பங்களை எண்ணிக்கொண்டே போனேன். ஐம்பது கம்பம் தாண்டியபோது மீட்டர் நாற்பத்தைந்துதான் ஓடியிருந்தது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது, பழைய சக்கரம் என்றே நினைத்து எண்ணுகிறது. அப்படியானால் நிஜ மைலேஜ் 13.3 இல்லை. 14.8!

ஓடிவந்து சொன்னேன். நோரீன் கேட்டுவிட்டு, "பதினேழு பதினாலே முக்கால் ஆனதுக்கா இந்தக் கொண்டாட்டம்?" என்றாள்.

அவளுக்கு எண்கள் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். முப்பது வருடமாக இந்த வீட்டில் எத்தனை மைல், எத்தனை மணி, எத்தனை கேலன் என்றால் என்னைத்தான் கேட்பாள்.

நவம்பர் 6

நோரீனைப் போலீஸ் நிறுத்தியிருக்கிறார்கள். அறுபத்தைந்து எல்லையில் எழுபத்திரண்டு. முள் அறுபத்தைந்தில்தான் இருந்தது என்று அவள் சத்தியம் செய்திருக்கிறாள். அந்த ஆள் டயரைப் பார்த்துவிட்டு, எச்சரிக்கையோடு விட்டுவிட்டான்.

மீட்டர் குறைத்து எண்ணினால் முள்ளும் குறைத்துத்தானே காட்டும். பதினைந்து நாளாக எனக்குத் தெரியும். சொல்ல மறந்துவிட்டேன்.

மறந்தேனா? மைலேஜ் விஷயத்தைச் சொன்னபோது இதையும் சொல்லியிருக்கலாம். அது நல்ல சேதி, இது கெட்ட சேதி. நல்லதை மட்டும் சொன்னேன்.

"வேற என்னெல்லாம் பொய் சொல்லுது இந்த வண்டி?" என்று கேட்டாள். வேறு ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 11

நோரீனோடு ஓவைஹீ ஆற்று ஏற்றத்தில் போய்வந்தேன். வண்டி ஏற்றத்தில் திக்குகிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மைதான். ஆறாம் கியரில் மூச்சு முட்டுகிறது, ஐந்துக்கு இறங்குகிறது, அலறுகிறது, மறுபடி ஆறுக்குத் தாவுகிறது, மறுபடி முட்டுகிறது. ஏற்றம் முடியும்வரை இதே கூத்து. எதிர்காற்று வேறு. நாலு சக்கரமும் ஆளுயரக் கதவும் காற்றைச் சுவர்போல மறித்துக்கொண்டு போகின்றன.

லைலிடம் போனேன். அவன் காபியைக் கீழே வைக்காமலே சொன்னான்: "சைக்கிள்ல பெரிய பல்ல போட்டுகிட்டு மேட்டுல மிதிச்சுப் பாரு. சமதரையில சொகமா இருக்கும். மேட்டுல தொடை கிழியும். உன் வண்டிக்கு இப்ப அதான். அச்சுல பல் விகிதம் மூணு அம்பத்தஞ்சு இருக்கு, இந்த டயருக்கு நாலு பத்து வேணும். மேட்டுலயும் காத்துலயும் எவ்வளவு குடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. உன்னாலயும்தான்."

கடைசி வார்த்தை பிடிக்கவில்லை. ஜனவரியில் எனக்குப் பனி தள்ளும் வேலையே சரியாக இருக்கும். மார்ச்சில் போடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 10, 2017, காலை

மைனஸ் பதினொன்று. ஐந்தரைக்கு ஷெட்டில் இருக்க வேண்டும்.

நோரீன் இன்று எவுசேபியோ அரியேட்டாவைப் பார்க்கப் போகிறாள். பழைய பாஸ்க் இனத்து ஆட்டுக்காரர், எண்பத்தொன்று, இதயம் பலவீனம், பண்ணையில் தனியாக இருக்கிறார். எண்பத்தெட்டு மைல். டேங்கில் பதினான்கு கேலன். போகும்போது சாலைச் சந்திப்பில் இருக்கிற பெட்ரோல் பம்ப்பில் நிற்க வேண்டுமா என்று கேட்டாள். தாள்கூட எடுக்காமல் மனதிலேயே போட்டேன். 14.8 பெருக்கல் 14, இருநூற்று ஏழு. போகவர நூற்றெழுபத்தாறு. முப்பத்தோரு மைல் மிச்சம்.

"தாராளமா போதும். சந்திப்பு பம்ப்ல நிக்காத, பனி ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடு" என்றேன்.

ஜனவரி 11

நோரீன் ஆஸ்பத்திரியில். எவுசேபியோவும். நான் நடைக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

நேற்று மூன்றே முக்காலுக்கு ரேடியோவில் கேட்டார்கள், மேற்குச் சாலையில் யார் இருக்கிறீர்கள் என்று. நான் வடக்கில் இருந்தேன். நர்ஸ் ஒருத்தி நோயாளியோடு வந்துகொண்டிருக்கிறாள், பண்ணையிலிருந்து பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட்டாள், இன்னும் வந்து சேரவில்லை. பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

நோரீன் போனபோது கிழவருக்கு உதடு நீலம். ஆம்புலன்ஸ் வேறு விபத்துக்குப் போயிருந்தது, வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஹெலிகாப்டர் அந்தக் காற்றில் எழும்பாது. அவரை டிரக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம், வண்டிக்குள் சூடு இருக்கட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தாள். நான் போட்ட கணக்கில் அந்த ஒரு மணி நேரம் இல்லை. எதிர்காற்று இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற ஓட்டம் இல்லை. ஏற்றம் இல்லை.

சந்திப்பு பம்ப்பைத் தாண்டும்போது வண்டியின் திரையில் இன்னும் எழுபது மைல் ஓடும் என்று காட்டியிருக்கிறது. வீட்டுக்கு நாற்பத்தாறு. நின்றால் பத்து நிமிடம். பக்கத்தில் ஒரு மனுஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார். நான் காலையில் சொன்னது காதில் இருந்தது. நிற்கவில்லை.

ஆற்று ஏற்றத்தில் எழுபது முப்பதாயிற்று. மேலே ஏறிச் சமதரைக்கு வந்ததும் முகத்தில் காற்று. முப்பது பூஜ்யமாயிற்று. ஊருக்குப் பதினான்கு மைல் இருக்கும்போது நின்றுபோனது. மணி இரண்டு. பின்னால் சாலையை மூடிவிட்டார்கள், ஒரு வண்டி வரவில்லை. செல்போன் அங்கே எப்போதும் எடுக்காது.

என் லாரி நாற்பதுக்கு மேல் போகாது. பனி தள்ளும் தகடு இறங்கியிருந்தால் முப்பத்தைந்து. தகட்டைத் தூக்கிவிட்டு மிதித்தேன். எங்கள் தெருவைத் தாண்டித்தான் போனேன். வாசலில் வண்டி நிற்காதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. கம்பங்களை எண்ணினேன், வேறென்ன செய்வேன்? பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்காவது பக்கத்தில் அந்த டயர்கள் முதலில் தெரிந்தன. அவ்வளவு பெருசா இருக்கே, தெரியாம போகுமா.

நாலே முக்கால். உள்ளே இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள். அவள் கோட்டும் கையுறையும் அவர்மேல். அவரை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தபோது என்னைப் பார்த்து, "முதல்ல அவரத் தூக்கு" என்றாள். தூக்கினேன். அவளைத் தூக்கப் போனபோது தானே இறங்கினாள். இடது கையால் கைப்பிடியைப் பிடித்தாள், விரல் மூடவில்லை.

ஊர் எல்லையில் பக்கத்து மாவட்ட ஆம்புலன்ஸ் காத்திருந்தது. இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது. இரண்டு பேருக்கும் உயிர் இருக்கு.

முப்பத்தோரு மைல்.

ஜனவரி 13

அவள் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கறுத்திருக்கின்றன. வெட்ட வேண்டியிருக்காது என்றார் டாக்டர். உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

ஜனவரி 15

வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் பேச்சை எடுத்தேன். "நான்தானே சொன்னேன், போதும்னு" என்று ஆரம்பித்தேன். "எனக்கு சூப் போதும், ரொட்டி வேணாம்" என்றாள்.

ஜனவரி 19

எவுசேபியோ காலையில் போய்விட்டார். நுரையீரலில் நீர். குளிரால் என்று யாரும் சொல்லவில்லை. அந்த இதயத்துக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோதான் என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். இதை நோரீன்தான் சொன்னாள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் அல்ல, ஒரு தகவலாக. பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த இரண்டு மாதம் யார் கணக்கில்?

ஜனவரி 24

அடக்கத்துக்குப் போனோம். அவருடைய ஒரே மகள் மைத்தே நாம்பா நகரிலிருந்து வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒரு பள்ளியில் வேலை. நோரீனின் கட்டுப்போட்ட கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னிடமும் வந்து, தேடி வந்ததற்கு நன்றி என்றாள். கைகுலுக்கினேன். நன்றியை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 2

நோரீனின் மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். எங்கள் சமையலறை மேஜையில்தான். நோயாளியோடு போகிற வண்டியில் எரிபொருள் எப்படித் தீர்ந்தது?

"பம்ப்ப தாண்டினது நான்தான். நிரப்பியிருக்கணும், நிரப்பல" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் காபிக் கெண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். அவருக்குக் காபி ஊற்றினேன்.

அவர் போனதும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அதுல எது பொய்?" என்றாள்.

பிப்ரவரி 9

நோரீனை வெளி வேலையிலிருந்து மூன்று மாதத்துக்கு நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறாள். எப்படியும் அந்தக் கையால் நாடி பிடிக்க முடியாது. நேற்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். முதலில் இடது கையால். ரொம்ப நேரம். பிறகு வலது கையால். "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

என்னால முடியல.

பிப்ரவரி 13

மேலதிகாரியின் அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். டயரைப் பற்றி, கியரைப் பற்றி, லைல் எச்சரித்ததைப் பற்றி, நிற்காதே என்று நான் சொன்னதைப் பற்றி. அவர் பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார். இதை எழுத்தில் கொடுக்க முடியுமா என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

அடுத்தது நாம்பா. மைத்தேயின் வீடு. தொண்ணூறு நிமிட வழி, சாலைத்துறை நண்பனின் காரில் போனேன். அவளை நடையில் நிற்கவைத்தே சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயமாகப் படவில்லை. முழுக்கக் கேட்டாள்.

"அப்பாவுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"தெரியாதுங்க."

"உங்க வீட்டம்மா எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்ல மாட்டா."

கதவைச் சாத்தினாள். படாரென்று இல்லை. மெதுவாக, தாழ் விழும் சத்தம் கேட்கும்வரை. அதற்குப் படாரென்று சாத்தியிருக்கலாம்.

பிப்ரவரி 14

நோரீனிடம் சொன்னேன். எங்கே போனேன், என்ன சொன்னேன் எல்லாம். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"ஒனக்கு நெஞ்சு லேசாகணும். அதுக்கு அந்தப் பொண்ணுதான் கெடச்சாளா? அப்பன பறிகொடுத்து ஒரு மாசம் ஆகல."

"பொய்யா ஒரு நன்றிய வாங்கிட்டு எப்படி இருக்கறது நோரீன்?"

அவள் பாத்திரம் கழுவினாள். வலது கையால் மட்டும். துடைக்க நான் துணியை எடுத்தபோது தடுக்கவில்லை.

பிப்ரவரி 26

அந்த டயர்களைக் கழற்றி எறியப்போகிறேன் என்று சொன்னேன். பழைய சக்கரங்களை யாரிடமாவது தேடிப் பிடித்துப் போட்டுவிடுவேன், இவற்றைப் பார்க்கவே முடியவில்லை என்றேன்.

"கழட்டி எறிஞ்சா ஒனக்கு நிம்மதி. அதானே?" என்றாள். "எறியாத. சரியா வேலை செய்ய வை. அன்னிக்கே செஞ்சிருக்க வேண்டியத இன்னிக்குச் செய்."

ஜனவரிக்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. அலுவலகத்துக்கு ஒரு சக ஊழியரோடு போகிறாள்.

மார்ச் 12

லைல் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் நாலு பத்து. மீட்டரையும் புது டயருக்குத் திருத்திக் கொடுத்தான். வேலை நடக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். கழற்றிய பழைய பல்சக்கரத்தைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தான். அதில் ஒரு குறையும் இல்லை. எந்த டயருக்குச் செய்ததோ அந்த டயருக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நான் சொன்னேனே என்று அவன் ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 19

ஐம்பது கம்பம். மீட்டரிலும் ஐம்பது. மைலேஜ் 15.3. அரை மைல் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். எடையும் உயரமும் தின்றது தின்றதுதான், எந்தக் கியரும் அதைத் திருப்பித் தராது. ஆனால் ஏற்றத்தில் திக்கவில்லை. ஐந்தாம் கியரைப் பிடித்ததும் உச்சிவரை விடவில்லை.

நோரீனிடம் எண்ணைச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 3

நோரீனின் தண்டனையை ஒரு மாதம் குறைத்திருக்கிறார்கள். என் கடிதத்தால் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மறுபடி நோயாளிகள். அலுவலக வண்டி ஒன்று கொடுக்கிறார்கள். சின்ன வண்டி. அவளுக்கு ஏறச் சுலபம்.

ஏப்ரல் 8

காலையில் தொலைபேசி. மைத்தே. நான்தான் எடுத்தேன்.

பண்ணையை விற்றாகிவிட்டது. அப்பா மலையில் ஆடு மேய்த்த காலத்தில் குடியிருந்த வண்டி வீடு ஒன்று கொட்டகையில் நிற்கிறது. அடுப்பு, கட்டில் எல்லாம் உள்ளே. அதை நாம்பாவுக்குக் கொண்டுவர வேண்டும். டிரெய்லர் இருக்கிறது, இழுக்கத்தான் வண்டி இல்லை. வேறு இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தாளாம், முடியாது என்றுவிட்டார்களாம். அதை ஒளிக்காமல் சொன்னாள்.

வருகிறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 15

ஆறு மணிக்குக் கிளம்பும்போது நோரீன் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மறுபக்கம் போய், கைப்பிடியை வலது கையால் பிடித்து, ஏறி உட்கார்ந்தாள். சந்திப்பில் நிறுத்தி நிரப்பினேன். அங்கிருந்து பண்ணைவரை இரண்டு பேரும் ஆடுகளைப் பற்றித்தான் பேசினோம்.

வண்டி வீட்டை டிரெய்லரில் ஏற்றிக் கட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. மைத்தேயும் சங்கிலி இழுத்தாள். அவளை அவள் மாமா மகன் காலையில் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தான், ஆகவே எங்களோடுதான் திரும்ப வேண்டும். ஏறுவதற்கு முன்னால் டிரக்கின் முன்னால் நின்று டயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பாரத்தோட எவ்வளவு தூரம் போகும்?"

நாக்கு நுனிவரை ஒரு எண் வந்தது. "தெரியலைங்க. காத்தப் பொறுத்தது. திரும்பற வழியில சந்திப்புல ஒரு தடவை நிரப்பணும். எங்க ஊர்ல இன்னொரு தடவை" என்றேன்.

"சரி, நிரப்பிக்கலாம்" என்று ஏறினாள்.

நோரீன் நடுவில், மைத்தே ஜன்னலோரம். சந்திப்பில் நோரீன் இறங்கி அவளே நிரப்பினாள், குழாய் தானாக நின்ற பிறகும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். மைத்தே உள்ளே போய் மூன்று காபி வாங்கிவந்தாள்.

ஆற்று ஏற்றத்தில் வண்டி ஐந்திலிருந்து நான்குக்கு ஒரே ஒருமுறை இறங்கியது. பிறகு மாறவில்லை. பின்னால் வண்டி வீடு ஆடி ஆடி வந்தது. சமதரைக்கு வந்ததும் மைத்தே சாலையோரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இங்கதானா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி. அந்தா, அந்தக் கம்பம்" என்றாள் நோரீன்.

பனி எல்லாம் போய் அங்கே புல் பச்சையாக இருந்தது. நான் காலை எடுத்து வேகத்தைக் குறைத்தேன். ஓரமாகத் திருப்ப விளக்கையும் போட்டேன்.

மைத்தே கம்பத்தைப் பார்த்தாள். அது பக்கத்தில் வந்து, ஜன்னலைத் தாண்டும்வரை பார்த்தாள்.

"நிறுத்த வேணாம்" என்றாள். "போங்க."

போனேன்.